மாரிக்கு ஸ்விமிங் பூலை மூடுறது எப்பிடி? கனடா முறை இஞ்ச சரிவருமோ?

அராலி_மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். பூல் பராமரிப்புத் தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இருந்தாக் கெதியாச் சொல்லுங்கோ. மாமா ஆக்கள் கனடாவில ஸ்காபரோவில இருக்கினம், யாழ்ப்பாணம் அராலியில இருந்த பழைய வீட்டை இடிச்சுப் புதுசாக் கட்டேக்க பின் வளவில ஒரு பூலும் கட்டினவை. 30 அடி நீளம், 15 அடி அகலம், ஆழம் எல்லா இடமும் ஒரே மாதிரி நாலரை அடி, கொங்கிறீற்றுக்கு மேல ரைல்ஸ் ஒட்டினது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிண்டு பிள்ளையள் நல்லா நீந்தி விளையாடிப்போட்டு புரட்டாதியில திரும்பிப் போட்டினம், இனி அடுத்த ஆடிக்குத்தான் வருவினம். வீட்டுத் திறப்பு எங்களிட்டத்தான் கிடக்கு, நாங்கள் ரெண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறம்.

இப்ப மாமா வாட்ஸ்அப்பில ஒரு பெரிய லிஸ்ட் அனுப்பியிருக்கிறார், அங்க தன்ர வீட்டுப் பூலை வின்டருக்கு மூடுற மாதிரி இதையும் மூடட்டாம். தண்ணியை ஸ்கிமருக்கு, அதுதான் மேல மிதக்கிற சருகை இழுக்கிற சுவர் வாய்க்கு, கீழ இறக்கட்டாம், பைப்புக்குள்ள நிக்கிற தண்ணியை கொம்பிரஷர் பிடிச்சு ஊதி எடுக்கட்டாம், பைப் வாயளை அடைக்கட்டாம், பம்பைக் கழட்டி உள்ளுக்கு வைக்கட்டாம், மேல கவரை இழுத்துக் கட்டினா அடுத்த வருஷம் மட்டும் திரும்பிப் பாக்கத் தேவையில்லையாம். அப்பா சொல்லுறார் உந்தக் கரைச்சல் ஒண்டும் வேண்டாம், முழுத் தண்ணியையும் இறைச்சுப்போட்டு வெறுமையா விடுவம், நுளம்பும் வராது பாசியும் வராது கரண்ட் காசும் மிச்சம் எண்டு.

எனக்கு ரெண்டும் சரியாப் படேல்லை, ஆனா ஏன் பிழை எண்டு சொல்லத் தெரியேல்லை. ஐப்பசி பிறந்திட்டுது, பின்னேரத்தில இடி முழங்கத் தொடங்கீட்டுது, அடை மழை பிடிக்க முன்னம் என்ன செய்யோணும் எண்டு சொல்லுவியளோ?

பூல்கார_அண்ணை:

தங்கச்சி, மாரி முடியுமட்டும் பூலை இறைக்க விடாதேங்கோ. அதுதான் முதல் விஷயம். அப்பா செலவை யோசிச்சுச் சொல்லுறது விளங்குது, ஆனா அராலி மாதிரிப் பள்ளக் காணியில வெறும் பூல் எண்டது மாரிக்குச் சரியான ஆபத்து, அதை சிவில் எஞ்சினியரிங் படிச்ச ஆக்கள் இஞ்ச இருக்கினம், அவை வடிவா விளங்கப்படுத்துவினம். நான் கெஸ்ட் ஹவுஸ் பூலுகள் பாக்கிற வேலை, அதால செய்யிற முறையை மட்டும் சொல்லுறன்.

மாமா சொல்லுறது அங்கத்தைக் குளிருக்குச் செய்யிற வேலை. தண்ணி நல்லாக் குளிர்ந்தாப் பாசி வளராது, அதால அவை மூடிப்போட்டு ஆறு ஏழு மாசம் பாக்காமல் விடலாம். எங்களுக்கு மார்கழி தையிலயும் தண்ணி 25 பாகைக்குக் கிட்ட நிக்கும், அது பாசிக்கு நல்ல வசதி. மூடிக் கட்டிப்போட்டு ஆடியில திறந்தியள் எண்டால் பச்சையாத்தான் கிடக்கும், ரைல்ஸ் இடுக்கு முழுக்கக் கறுப்புப் பிடிச்சிரும், அதைத் தேய்ச்சு எடுக்கிற கூலி நீங்கள் மிச்சம் பிடிச்ச கரண்ட் காசை விடக் கூட. இஞ்ச பூலை மூடுறது எண்டால் ஆக்கள் இறங்கிறதை நிப்பாட்டுறது, அவ்வளவுதான். தண்ணி நிறைய நிக்கோணும், ஒவ்வொரு நாளும் ஓடோணும், குளோரின் இருக்கோணும்.

மழை பிடிக்க முன்னம் ஒரு நாள் ஒதுக்கி, சருகெல்லாத்தையும் அள்ளி, சுவரும் தரையும் பிரஷ் போட்டுத் தேய்ச்சு, அடி மண்ணை வக்கியூம் பண்ணி, பிறகு மண் பில்டரை பாக்வோஷ் அடியுங்கோ, அதாவது தண்ணியைத் திருப்பி விட்டு பில்டர் மண்ணைக் கழுவுங்கோ, கண்ணாடியில தெரியிற தண்ணி தெளியுமட்டும் அடியுங்கோ. அதுக்குப் பிறகுதான் தண்ணி பரிசோதிக்கிற ரெஸ்ட் கிட்டால பாக்கோணும். பீஎச்சை (தண்ணியின்ர புளிப்பு, காரத் தன்மை அளவு) 7.2 க்கும் 7.6 க்கும் இடையில கொண்டு வந்து வைச்சிட்டு, பொழுதுபட்ட பிறகு குளோரினை 10 பீபீஎம்முக்கு, அதாவது லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு, ஏத்துங்கோ, பகல் வெயிலில போட்டா அரைவாசி வெயிலோட போயிரும். உங்கட பூல் கிட்டத்தட்ட 57,000 லீற்றர் வரும், அதுக்கு 10 வீதத் திரவக் குளோரின் எண்டால் 6 லீற்றர் அளவில காணும். இரவு முழுக்கப் பம்ப் ஓடட்டும். பிறகு 2, 3 பீபீஎம்மில நிக்கிற மாதிரி அடிக்கடி பாத்துப் போட்டுக்கொண்டு வந்தாச் சரி. குளிக்க ஆக்கள் இல்லாத காலத்தில பம்ப் நாளுக்கு 4 மணித்தியாலம் ஓடினாக் காணும், 8 மணித்தியாலம் தேவையில்லை. அப்பாட்ட அதைச் சொல்லுங்கோ, பில் அரைவாசியாக் குறையும்.

திரவக் குளோரினை மாரி முழுக்கக் காணக்கூடியதா ஒரேயடியா வாங்கி வைக்க வேண்டாம், எங்கட வெக்கைக்கு அது கலனுக்குள்ள இருந்தே வலுக் குறைஞ்சு போகும், அளவு சரியாப் போட்டும் ரெஸ்ட்டில ஏறேல்லை எண்டால் அதுதான் காரணம். ஒரு மாசத்துக்குக் காணக்கூடியதா வாங்குங்கோ. கிணத்துக்குப் போடுற ப்ளீச்சிங் பவுடர்தான் வீட்டில கிடக்கு எண்டால் அதையும் பாவிக்கலாம், ஆனா அதில மூண்டில ஒரு பங்கு அளவுதான் குளோரின், மிச்சம் சுண்ணாம்பு. எங்கட தண்ணியில ஏற்கனவே சுண்ணாம்பு கூட, இதையும் கொட்டினா ரைல்ஸ்ல வெள்ளை படியும். வாளித் தண்ணியில கரைச்சு, மண்டி அடியில இறங்கின பிறகு மேல் தெளிவை மட்டும் ஊத்துங்கோ. எப்பவும் வாளியில தண்ணியை முதல் எடுத்து அதுக்குள்ள மருந்தைப் போடோணும், மருந்துக்கு மேல தண்ணி ஊத்தக் கூடாது. அசிட் கலனும் குளோரினும் ஒரே அறையில பக்கத்தில பக்கத்தில வைக்காதேங்கோ, ரெண்டும் கலந்தா வாற வாயு நெஞ்சைப் பிடிக்கும். மிதக்க விடுற குளோரின் குளிசையையும் பவுடரையும் ஒரே வாளியிலயோ ஒரே கரண்டியாலயோ எடுக்காதேங்கோ, நெருப்புப் பத்தும்.

கொங்கிறீற்_மச்சான்:

மேல அண்ணை சொன்ன இறைக்க வேண்டாம் எண்டதுக்குக் காரணத்தை நான் சொல்லுறன், இதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.

எங்கட குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், உள்ளுக்கு வெடிப்பும் பொந்தும் நிறைய. மழை பெய்ஞ்சாத் தண்ணி கெதியா உள்ள இறங்கும், நிலத்தடி நீர் கெதியா ஏறும். வருஷ மழையில பெரும்பங்கு ஐப்பசியில இருந்து மார்கழி மட்டும் கொட்டுறது, அந்த நேரம் பள்ளக் காணியளில கிணத்தைக் குனிஞ்சு பாத்தாக் கைக்கு எட்டுற தூரத்தில தண்ணி நிக்கும், உங்கட பக்கத்து ஆக்களுக்கு இது புதினமில்லை. அந்தத் தண்ணி கிணத்துக்குள்ள மட்டும் நிக்கிறேல்லை, பூலின்ர தரைக்குக் கீழயும் சுவருக்கு வெளியிலயும் அதே மட்டத்திலதான் நிக்கும். பூலுக்குள்ள தண்ணி இருந்தா உள்ளுக்கும் வெளிக்கும் பாரம் சமன். உள்ள வெறுமை எண்டால், வெறும் அண்டாவைக் குளத்தில வைச்ச மாதிரி, மேல கிளம்பத்தான் பாக்கும்.

கணக்குப் பாருங்கோ. 30க்கு 15 அடி எண்டால் கிட்டத்தட்ட 42 சதுர மீற்றர். தரைக் கொங்கிறீற் 6 அங்குலம் எண்டு வைச்சால் அதின்ர பாரம் 15 தொன் அளவு, நாலு சுவரும் 6 அங்குலத்தில இன்னொரு 15 தொன், எல்லாமாச் சேர்த்து 30 தொன். தரைக் கொங்கிறீற்றின்ர அடியில இருந்து 3 அடி உயரத்துக்கு நிலத்தடித் தண்ணி ஏறினா அது மேல தள்ளுற விசை 38 தொன் வரும். முழுப் பூலும் கிளம்பாட்டிலும் நடுத்தரை வளைஞ்சு வெடிக்கும், ரைல்ஸ் கழரும், பைப் பொருத்துகள் உடையும். வெடிச்ச தரையை ஒட்டுப்போட்டுத் திருத்தி நம்பிக்கையா வைச்சிருக்கிறது லேசில்லை. உள்ளுக்குத் தண்ணி நிறைய நிண்டா 57 தொன் மேல இருந்து அழுத்துது, பிறகு என்ன பயம்.

உங்கட பூலின்ர அடி வடிகாலுக்குள்ள அழுத்தம் விடுற வால்வு ஒண்டு வைச்சவையோ எண்டு மாமாவிட்டக் கேளுங்கோ, வெளித்தண்ணி கூடினா அது தானாத் திறந்து உள்ள விடும். வைச்சிருந்தாலும் அதை நம்பி இறைக்காதேங்கோ, மண் அடைச்சா வேலை செய்யாது. வீட்டுக் கிணறுதான் உங்களுக்கு மீற்றர். கயித்தில ஒரு கல்லைக் கட்டி நிலமட்டத்தில இருந்து எத்தினை அடியில தண்ணி நிக்குதெண்டு அளந்து எழுதி வையுங்கோ. பூலின்ர தரை நிலமட்டத்தில இருந்து ஐந்து அடி கீழ எண்டால், கிணத்துத் தண்ணி அந்த ஐந்து அடி மட்டத்தைத் தாண்டி மேல ஏறின நேரத்தில பூலில தண்ணியைக் கன அளவு குறைக்கவே கூடாது.

கோண்டாவில்_ரகு:

நாங்கள் ஒவ்வொரு வருஷமும் மாரிக்கு இறைச்சுப்போட்டுத்தான் விடுறனாங்கள், ஒரு வெடிப்பும் வரேல்லை. எல்லாரையும் சும்மா பயப்பிடுத்த வேண்டாம்.

கொங்கிறீற்_மச்சான்:

கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கம் செம்மண் மேட்டு நிலம், கிணறு ஆழம், மாரியிலயும் தண்ணி உங்கட பூல் தரைக்குக் கீழதான் நிண்டிருக்கும், அதால தப்பிச்சுது. அராலி, நாவாந்துறை, வேலணை மாதிரிக் கடலேரிக் கரையை அண்டின இடத்தில அப்பிடி இல்லை. உங்களுக்கும் ஒண்டு சொல்லுறன், 2008 கார்த்திகையில நிஷா புயலுக்கும் 2024 கார்த்திகை வெள்ளத்துக்கும் எந்தெந்தக் காணியில தண்ணி நிண்டது எண்டு பக்கத்து வீட்டு வயசு போன ஆக்களிட்டக் கேட்டுப்போட்டு முடிவெடுங்கோ. வழமையான மாரியில தப்பினது அப்பிடியான மாரியிலயும் தப்பும் எண்டில்லை. உண்மையிலயே இறைச்சுத் திருத்த வேலை இருந்தா ஆவணி புரட்டாதியில, கிணறு அடியில கிடக்கேக்க செய்யுங்கோ.

ஸ்காபரோவாசி:

நானும் இஞ்ச வீட்டுப் பூலை வருஷா வருஷம் மூடுறனான், மாமா தந்த லிஸ்ட் இஞ்சத்தைக்கு அச்சொட்டாச் சரி, அதால அவரில பிழை இல்லை, காரணத்தைச் சொன்னா அவரே விளங்கிக்கொள்ளுவார். தண்ணி உறைஞ்சா 9 வீதம் அளவில பெருக்கும். பைப்புக்குள்ள தண்ணி நிண்டு உறைஞ்சா நிலத்துக்குக் கீழ பைப் வெடிக்கும், பம்ப் வெடிக்கும், ஹீற்றர் வெடிக்கும், ஸ்கிமர் பிளக்கும். அதுக்காகத்தான் கொம்பிரஷரால ஊதுறது, வாயை அடைக்கிறது, பைப்புக்குள்ள உறையாத ரோஸ் கலர்த் திரவம் விடுறது. காருக்கு விடுறது நஞ்சு, அது இல்லை, இது புரொப்பிலீன் கிளைக்கோல், வேற சாமான். தண்ணியை ஸ்கிமருக்குக் கீழ இறக்கிறதும் ஐஸ் பிடிச்சு அந்த வாயை உடைக்காமல் இருக்கத்தான். ஊரில உறையிற பேச்சே இல்லை, அதால இந்த வேலை ஒண்டும் தேவையில்லை.

இஞ்சயும் ஒருத்தரும் பூலை முழுக்க இறைக்கிறேல்லை எண்டதை அப்பாவுக்குச் சொல்லுங்கோ. ரொறன்ரோவில பனி உருகி நிலம் ஊறிக் கிடக்கிற பங்குனி சித்திரையில வெறும் பூல் கிளம்பும், பைபர் கிளாஸ் பூல் எண்டால் இன்னும் லேசாக் கிளம்பும். காரணம் அங்கயும் இஞ்சயும் ஒண்டுதான்.

இன்னொண்டு, தண்ணி 18 பாகைக்குக் கீழ இறங்கினாப் பிறகு மூடுறதுதான் நல்லம் எண்டு இஞ்ச சொல்லுறவை, சூடு இருக்கேக்க கவரை மூடினாச் சித்திரை வைகாசியில திறக்கேக்க பச்சை. யாழ்ப்பாணத்தில தண்ணி அந்த அளவுக்கு இறங்காது. இந்த ஒரு வசனத்தை மாமாவுக்கு அனுப்புங்கோ, பூல் வைச்சிருக்கிற மனுஷன், உடன பிடிச்சிருவார்.

மாதகல்_அக்கா:

நான் பொதுச் சுகாதாரப் பக்கம் வேலை செய்யிறனான், கவரைப் பற்றிக் கட்டாயம் சொல்லோணும். தறப்பாளை இழுத்துக் கட்டினா மழைத்தண்ணி நடுவில தேங்கும், நல்ல தெளிஞ்ச, அசையாத, குளோரின் இல்லாத தண்ணி, டெங்கு நுளம்புக்கு இதை விட நல்ல இடம் வேற இல்லை. முட்டையில இருந்து பறக்கிற நுளம்பாக ஏழு பத்து நாள் காணும். யாழ்ப்பாணத்தில டெங்கு கூடுறதே மாரியோடதான், கார்த்திகையில இருந்து தை மட்டும். வீட்டில ஆக்கள் இல்லாத வளவுகள்தான் எங்களுக்குப் பெரிய தலையிடி, கேற் பூட்டிக் கிடக்கும், உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு தெரியாது. பீஎச்ஐ, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து நுளம்புக் குடம்பி கண்டாரெண்டால் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருகுதல் தடுப்புச் சட்டத்தில வழக்குப் போடலாம், பராமரிக்கிறவையும் பதில் சொல்லோணும். திறப்பு உங்களிட்ட எண்டால் பொறுப்பும் உங்களிட்டத்தான் தங்கச்சி. அப்பா சொன்ன மாதிரி வெறுமையா விட்டாலும் இதேதான், ஒரு மழைக்கே அடியில தண்ணி தேங்கி நிண்டிரும்.

தறப்பாளுக்குப் பதிலா நெருக்கமான வலையை இழுத்துக் கட்டுங்கோ, சருகு மேல நிக்கும், மழை கீழ இறங்கும். ஆனா வலை சருகுக்குத்தான், அது பிள்ளையைத் தாங்காது. ஒழுங்கையில விளையாடுற பெடியள் பந்தெடுக்க மதில் ஏறிக் குதிக்கிறவங்கள், நாலரை அடித் தண்ணி சின்னப் பிள்ளைக்கு உயிராபத்து. கேற்றுக்கும் பின் வளவுப் படலைக்கும் பூட்டுப் போடுங்கோ, பூலைச் சுத்தி வேலி இல்லாட்டி மாமாவிட்டக் காசு கேட்டு அடிப்பியுங்கோ. மருந்து, வலை எல்லாத்தையும் விட இதை நான் முதல் செய்விப்பன்.

வெள்ளம் பூலுக்குள்ள ஏறினா ஒருத்தரையும் இறங்க விடாதேங்கோ, வெள்ளத்தோட எலி மூத்திரமும் கக்கூசுக் குழித் தண்ணியும் வரும். 2024 மார்கழியில இஞ்ச எலிக்காய்ச்சல் வந்து ஆக்கள் செத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வெள்ளம் வடிஞ்சாப் பிறகு சேறெல்லாம் எடுத்துத் திரும்பக் குளோரினை ஏத்தி, தண்ணி அடி தெரியத் தெளிஞ்சு, ரெஸ்ட்டில குளோரின் நிக்குதெண்டு கண்டாப் பிறகுதான் ஆக்கள் இறங்கலாம்.

அராலி_மருமகள்:

எல்லாருக்கும் நன்றி, அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினனான், அந்த 38 தொன் கணக்கோட இறைக்கிற கதை விட்டிட்டார். ஸ்காபரோவாசி அண்ணை சொன்ன 18 பாகை வசனத்தை மாமாவுக்கு அனுப்பினன், அவரும் ஓம் எண்டிட்டார், வேலிக்கும் காசு அனுப்புறாராம். கிணறு இண்டைக்கு ஏழடியில நிக்குது.

பூல்கார அண்ணையிட்ட இன்னும் ரெண்டு கேள்வி. பம்ப் ஒரு கிடங்குக்குள்ள இறக்கி வைச்சுக் கிடக்கு, வெள்ளம் வந்தா என்ன செய்யிறது? மழை பெய்ஞ்சு பூல் நிரம்பி வழிஞ்சா அந்தத் தண்ணியை எங்க விடுறது, பாக்வோஷ் தண்ணியையும் இப்ப கிணத்தடி வாழைக்குத்தான் விடுறனாங்கள்.

பூல்கார_அண்ணை:

பம்ப் கிடங்கு உங்கட பக்கத்துக்குக் கட்டாயம் நிரம்பும், வெளியில இருந்து வராட்டிலும் அடியால ஊறும். தாழமுக்கம் எண்டு ரேடியோவில சொன்ன உடனேயே பம்புக்குப் போற மெயினை நிப்பாட்டி, ரெண்டு பக்க வால்வையும் பூட்டி, யூனியனை, அதுதான் கையால திருகிக் கழட்டுற பைப் பொருத்தை, கழட்டி மோட்டரைத் தூக்கி வீட்டுக்குள்ள வையுங்கோ, யூனியன் பொருத்து இருந்தாப் பத்து நிமிஷ வேலை, இல்லாட்டி இப்பவே பைப் வேலை செய்யிற ஆளைப் பிடிச்சுப் போடுவியுங்கோ. கிடங்குக்குள்ள தண்ணி நிக்கேக்க காலை வைக்க முன்னம் மெயின் நிப்பாட்டியாச்சோ எண்டு பாருங்கோ, பூலுக்குள்ள லைட் இருந்தா அதையும் நிப்பாட்டி விடுங்கோ, மாசத்துக்கு ஒருக்கா ட்ரிப் சுவிச்சின்ர ரெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்கோ. மோட்டர் இல்லாத நாளில பின்னேரத்தில குளோரினை வாளியில கலந்து சுத்திவர ஊத்தி, நீளத் தடிப் பிரஷ்சால தண்ணியைக் கலக்கிவிட்டாச் சமாளிக்கலாம். எந்த நாளும் ஸ்கிமர் கூடைக்குள்ள சும்மா கையை விடாதேங்கோ, மாரிக்குத் தவளை வரும், தவளைக்குப் பின்னால பாம்பு வரும், மூடியைத் தடியால தள்ளிப் பாத்துத்தான் எடுக்கோணும்.

வழியிற தண்ணிக்கு ஸ்கிமர் வாயின்ர நடுமட்டம்தான் கணக்கு, அதுக்கு மேல ஏறினா பில்டரில இருக்கிற மல்டிபோர்ட் வால்வை வேஸ்டில (தண்ணியை வெளியில விடுற நிலையில) வைச்சு அந்த நாலைஞ்சு அங்குலத்தை மட்டும் வெளியில விட்டுப்போட்டு நிப்பாட்டுங்கோ. எங்கட கிணத்துத் தண்ணிக்கு மாரி மழை ஒரு நன்மையும் செய்யுது, சுண்ணாம்பு கூடின தண்ணி கொஞ்சம் கொஞ்சமாப் போய் மெல்லிய தண்ணி வந்து சேரும், ரைல்ஸ்ல வெள்ளை பிடிக்கிறது குறையும். ஆனா மழையோட குளோரினும் ஐதாகும், பெரிய மழைக்கு அடுத்த நாள் ரெஸ்ட் பண்ணாமல் விடாதேங்கோ. பூலுக்குத் தானாத் தண்ணி விடுற பந்து வால்வு இருந்தா அதையும் இப்பவே பூட்டுங்கோ.

கிணத்தடிக்கு விடுறதை இண்டையோட நிப்பாட்டுங்கோ. எங்கட கல்லுத்தரையில ஊத்துறது கெதியாக் கிணத்துக்குள்ள போயிரும், நீங்களும் பக்கத்து வீட்டாரும் குடிக்கிற தண்ணி அது. குளோரின் போட்டு ரெண்டு மூண்டு நாள் கழிச்சு, ரெஸ்ட்டில குளோரின் நல்லாக் குறைஞ்சு காட்டுற நேரமாப் பாத்து, கிணத்துக்கும் கக்கூசுக் குழிக்கும் தூர, வளவின்ர பள்ளப் பக்கத்தில புல்லுத்தரைக்குப் பரவ விடுங்கோ. ஒழுங்கைக்கு விட வேண்டாம், மாரிக்கு ஒழுங்கையில ஏற்கனவே வெள்ளம் நிக்கும், அயலோட சண்டைதான் மிஞ்சும். வாழைக்கு விடோணும் எண்டால் ஒரு பீப்பாவில பிடிச்சு ரெண்டு நாள் வெயிலில வைச்சிட்டு விடுங்கோ, பீப்பாவை வலையால மூடிக் கட்டுங்கோ, இல்லாட்டி அக்கா வந்து பேசுவா.